சந்தனப் பொட்டு வைத்த ஐந்து டிஸ்க்குகள்

எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்பதென்றால் பைத்தியம். பைராம் தோட்டத்தில் ஒரு அம்மா, "செம்பனைக்கு முள்ளு வெளிய, எங்க கிராணிக்கு உள்ள" என்று தோட்டத்துக் கணக்கரைச் சொன்னார். அந்த ஒரு வரியில் பஸ்ஸில் போன அலுப்பு தீர்ந்துபோனது. இப்படி வருஷக்கணக்காகக் கேசட்டில் பிடித்ததையெல்லாம் கணினியில் ஏற்றினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. டத்தோ கிராமாட் கடைத்தெருவில் கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடிக்கும் சின்னக் கடை என்னுடையது. அங்கே டைப் செய்த அக்கா, வேலை ஓய்ந்த நேரமெல்லாம் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அத்தனை பேச்சையும் எழுத்தாக்கினார். மூன்று வருஷம். புத்தகமாக வரும்போது உங்கள் பேரும் அட்டையில் இருக்கும் என்று சொல்லியிருந்தேன்.

ஏற்றி முடித்த கேசட்டுகளின் மேலேயே மறுபடி பதிந்துகொண்டேன். வேறு பிரதி கிடையாது. நான்கு டிஸ்க்குகளை மென்பொருளால் ஒன்றாகக் கட்டியிருக்கிறேன், ஒன்று செத்தாலும் மற்றவை காப்பாற்றும் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். கணினி இதழ்கள் படித்துக் கற்ற வித்தை.

இடம் போதாமல் போனது. பழைய டிஸ்க் ஒன்றை வாங்கி ஐந்தாவதாகச் சேர்த்தேன். சேர்த்தால், உள்ளே இருப்பதையெல்லாம் ஐந்துக்குமாகப் பங்கு பிரித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க ஓடும், நடுவில் நிற்கக்கூடாது; நின்றால் அந்தக் காப்பும் உதவாது. ஆயுத பூஜையன்று கடை அடைப்புதானே என்று காலையில் ஓடவிட்டு, புதுக் கார் வாங்குவதற்காகப் பார்க்க ஜுருவுக்குப் போய்விட்டேன். கடையில் பூஜை போடுவது வருஷாவருஷம் அக்காதான். சாவி ஒன்று அவரிடமும் உண்டு. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் வந்தால் கணினி அணைந்து கிடந்தது. தூசி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. மூடியைத் திறந்தால் ஐந்து டிஸ்க்குக்கும் சந்தனம், குங்குமம். ஓட்டிப் பார்த்தேன். ஒரு கோப்பும் இல்லை.

அக்கா உள்ளே நுழைந்ததும் பிடித்துக்கொண்டேன். பத்திரிகை வாங்க வந்த கல்யாண வீட்டார் நின்றிருந்தார்கள்.

"யாரு உங்கள சுவிட்ச அடைக்கச் சொன்னா? பொட்டு வைக்க இது என்னா அம்மிக்கல்லா?"

"நான் வர்றப்பவே அது நின்னுபோச்சு தம்பி. ஸ்கிரீன்ல என்னமோ எழுத்து வந்து அப்படியே நின்னுச்சு. ரொம்ப நேரம் பாத்துட்டுத்தான் அடைச்சேன்."

"உங்களுக்கு என்னா தெரியும் லா? மூனு வருஷத்தக் குங்குமம் வச்சி முடிச்சிட்டீங்க!"

"அந்த மூனு வருஷம் என்னோடது தம்பி," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வரிசையில் இருந்த கடைகளிலெல்லாம் நான் அதையே சொன்னேன். "சந்தனம் பட்டதுல கம்பியூட்டருக்கு ஜலதோஷமா அண்ணே?" என்றார் டீக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆத்திரத்தில் டிஸ்க்குகளைக் கழற்றி மாற்றி மாற்றிச் செருகியதில் எது எந்த இடம் என்பதே எனக்குக் குழம்பிவிட்டது. வரிசை தப்பினால் எதையும் படிக்க முடியாது. இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடம் கேட்டேன். எதையும் புதிதாக எழுதாதே, எப்போது என்ன நடந்தது என்று கணினியே குறித்துவைக்கும் பதிவுக் கோப்பை முதலில் பார் என்று பதில் வந்தது. டிஸ்க்குகளை மறுபடி கையில் எடுத்தபோதுதான் கண்டேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு காகிதத் துணுக்கு. அக்காவின் கையெழுத்தில் ஒன்று முதல் ஐந்து வரை. துடைத்த பிறகு அதே இடத்தில் வைக்க வேண்டுமே என்று ஒட்டியிருக்கிறார். எனக்கு வரிசை கிடைத்தது அதில்தான்.

பதிவுக் கோப்பு அந்த ஐந்தில் சேராத தனி டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. நான் வாங்கிய அந்தப் பழைய ஐந்தாவது டிஸ்க், காலை பத்து மணிக்கு முன்பே பழுதாகி எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறது. அக்கா வந்தது மத்தியானத்துக்கு மேல்.

நின்ற இடம் தெரிந்ததால், அதற்கு முன்னால் உள்ளதை ஐந்தின் கணக்கிலும் பின்னால் உள்ளதை நான்கின் கணக்கிலும் படித்து வேறு டிஸ்க்கில் ஒட்டினேன். இரண்டு வாரம் பிடித்தது. ஒட்டுப் போட்ட இடத்தில் சில பேச்சுகள் போயின, மற்றதெல்லாம் வந்தது.

அக்கா வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்காமல் நின்று பேசினார்.

"எல்லாம் வந்திருச்சிக்கா. திங்கக்கெழம வாங்க."

"நல்லது. எதனால நின்னுச்சின்னு தெரிஞ்சிச்சா?"

கடைத்தெருவில் சிரித்த முகங்களெல்லாம் கண்முன் வந்தன. "அது… சரியா தெரியலக்கா," என்றேன்.

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க தம்பி. அப்ப வர்றேன்."

நான் போகவில்லை. அவரும் வரவில்லை. புத்தகமும் வரவில்லை. கேட்டருகே அவர் கடைசியாகச் சொன்ன அந்த வரியை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்தேன். அதை மட்டும் இன்னும் டைப் செய்யவில்லை.