பார்க்காமல் நீட்டிய கை

தில்லை நகரில் எலும்பு அடர்த்தி ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். எழுபது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, லேசாக வளைந்த முதுகு, நெற்றி நிறையக் குங்குமம். எழுந்திருக்கும்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் கையை நீட்டுவார். அங்கே கணவரின் கை தயாராக இருக்கும்.

ஸ்கேனுக்கு நகை எதுவும் கூடாது. நான் சங்கிலியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு, நானே மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்திருந்தேன். அந்த அம்மாளுக்கோ, அத்தனை பேர் முன்னாலும் அவர் கணவரே கயிற்றைக் கட்டிவிட்டு, அப்புறம்தான் சங்கிலியைக் கழற்றினார். எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரர் மூலையில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டேன். "உங்க வீட்டுக்காரரு எப்பவுமே இப்படித்தானாங்க?"

"நீங்க வேற! போன வருசம் வரைக்கும் தேர்க் கூட்டத்துலகூட என்னை விட்டுட்டு முன்னால போயிடுவாரு. எலும்பு தேஞ்சிருக்கு, விழுந்தா ஒடஞ்சிடும்னு டாக்டர் சொன்னாங்க. அன்னிலேர்ந்துதான் இந்தக் கை."

என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "உங்க எலும்பு நல்லா உறுதியா இருக்கும்மா. கவலையே வேண்டாம்" என்றார்.

"அதான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் முன்னால் இறங்கிப் போனார்.

மாடிப்படியில் நின்று, நானும் ஒருமுறை பார்க்காமலே கையை நீட்டினேன். கைப்பிடிக் கம்பி சில்லென்றிருந்தது.