இடுப்பில் பிள்ளையும் இடக்கை விதியும்

போடியில ஏலக்காய் பொறுக்குற வேலையில குனிஞ்ச தலை நிமிர வேண்டியதில்ல; என்னைப் போலக் கூச்சக்காரிக்கு அது ஒரு வசதி. எட்டாவதோட நின்னவ நான். பத்தாவதைத் தனியா எழுதி, ஐ.டி.ஐ.யில சேந்து எலக்ட்ரீசியன் படிக்கணும்னு ஒரே ஏக்கம். கைப்பிள்ளையோட புத்தகத்தைத் தூக்கின அக்கா தங்கச்சிமாருக்கு என் பாடு புரியும்.

கொட்டகையில

காந்தப் பாடத்துல இடக்கை விதின்னு ஒண்ணு. சுட்டுவிரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், பெருவிரல் காட்டுற பக்கம் கம்பி நகரும். காய் பொறுக்குற நடுவுல மூணு விரலையும் விரிச்சு விரிச்சுப் பாத்தேன். எதிர்ல இருந்த செல்வி அக்கா சொன்னுச்சு: "ஏத்தா, ஒரு காயை எடுக்க மூணு திக்குலயா விரலை விடுவ?"

போடிமெட்டு ஜீப்பு

சில நாள் மலைக்குக் காய் எடுக்கப் போவோம். வலக்கை விதிக்காக ஜீப்புக் கம்பியை வலது கையால சுத்திப் பிடிச்சு, பெருவிரலை மேல நீட்டினேன். மின்னோட்டம் மேல போனா, மத்த விரலு வளையுற பக்கந்தான் காந்தப்புலம். ரோட்டோரம் யூனிபார்ம் போட்ட பிள்ளைக ரெட்டைச் சடையோட நின்னுச்சுக. கண்ணுக்கு மறையுற வரைக்கும் பாத்துக்கிட்டே போனேன். டிரைவர் அண்ணே கண்ணாடியில என் விரலைப் பாத்துட்டாரு: "நீ உள்ளதான் ஏறிட்டியே ஆத்தா, இன்னும் எந்த வண்டிக்குக் கை காட்டுற?"

டியூசன்

சாயங்காலம் சர்ச்சு வராந்தாவுல ஒரு டீச்சர் சொல்லிக் குடுத்தாக. இடக்கை விதிக் கணக்கு எனக்கு ஒண்ணு விடாம தலைகீழா வந்துச்சு. மேல போக வேண்டிய கம்பி கீழ போச்சு. பின்வரிசைப் பிள்ளைக சிரிக்க, எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு.

டீச்சர் பக்கத்துல வந்து பாத்தாக. இடது இடுப்புல மகன் தூங்குறான். இடது கை அவனுக்கு அணை. ஒழிஞ்சிருந்த வலது கையாலயே இத்தனை நாளும் இடக்கை விதியைப் போட்டிருக்கேன். "பிள்ளையை இங்க கொண்டா. இப்பச் சொல்லு."

பரீட்சை

வீட்டுக்காரர் மகனை ஸ்கூல் கேட்டுக்கு வெளிய வச்சிருந்தாரு. அந்தக் கேள்வியே வந்துச்சு. விரலை விரிக்கிறேன், வெளிய அவன் அழுற சத்தம். பெருவிரல் காட்டின பக்கத்தை எழுதிட்டு உக்காந்திருந்தேன்.

பாஸாயிட்டேன். ஆனா ஐ.டி.ஐ. தேனியில. காலையில வெள்ளன பஸ்சு ஏறினா பொழுது சாயத்தான் வரலாம். வீட்டுக்காரர் தூங்குற மகனுக்குப் போர்வையை இழுத்து விட்டாரு. அப்பறம் சொன்னாரு: "சேந்துக்க. நீ கிளம்புறப்ப மட்டும் அவன் முழிச்சிராமப் பாத்துக்க."

இப்ப ரெண்டு கையும் காலியாத்தான் இருக்கு, கணக்கும் சரியாத்தான் வருது, பஸ்சு தேனி பக்கம் போகப் போக நான் மட்டும் போடி பக்கமே திரும்பி உக்காந்திருக்கேன்.