சித்தி மறுபடியும் கிரேன் ஏறினார்

என் சித்தி கிரேன் ஓட்டுகிறார். இரும்புத் தகட்டுச் சுருள்களை அடுக்கி வைக்கும் பெரிய கிடங்கில், கூரையை ஒட்டி ஓடும் கிரேன். அதன் கேபினுக்குப் போக அறுபத்திரண்டு படிகள் ஏற வேண்டும். ஏறிவிட்டால் நான்கு மணி நேர ஷிப்ட் முடியும்வரை இறங்க முடியாது. கீழே வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘மேலிடம்’. “மேலிடம் என்ன சொல்லுது?” என்று கீழிருந்து கைகாட்டி வழிசொல்லும் சிக்னல்மேன் கத்தினால், தூக்கலாமா என்று கேட்கிறார் என்று அர்த்தம். பதினாறு வருடத்தில் சித்தி ஒரு சுருளைக்கூட எதிலும் இடித்ததில்லை.

போன வருடம் அவருக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. வெளியிலிருந்து கதிர்வீச்சு, கூடவே மருந்து, கடைசியில் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கிற கதிர்வீச்சு. கட்டி கரைந்துவிட்டது. சொந்தக்காரர்கள் பழப் பையோடு வந்து, “உயிர் பிழைச்சதே பெரிய விஷயம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் சித்தி கதவைச் சாத்தினார். “உயிர் மட்டும் இருந்தா போதுமா? அப்ப என்னை அலமாரியில எடுத்து வச்சிடுங்க.”

அவருக்குச் சிறுநீரை ஒரு மணி நேரம்கூட அடக்க முடியவில்லை. தும்மினால் உடை நனைந்தது. கிடங்கில் அவரைக் கீழே ஸ்டோரில் உட்கார வைத்து, கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குள் மேலே போய் ஒரு ஷிப்ட் முழுக்க ஓட்டிக் காட்டாவிட்டால் ஸ்டோர்தான் நிரந்தரம் என்றார் மேலாளர். நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருக்கும் வீட்டிலும் ஒரு மாற்றம். பேக்கரி வேன் ஓட்டும் சித்தப்பா, சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். கேட்டால், “எனக்குக் குறட்டைம்மா” என்பார். இருபது வருடமாக இல்லாத குறட்டை.

மருத்துவமனையில் சித்தியைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். எனக்குப் பரீட்சை முடிந்திருந்த நேரம். “வீட்டுக்குள்ளயே நடந்து நடந்து தரையைத் தேய்க்காதே, என்கூட வா” என்று என்னையும் இழுத்துப் போனார்.

சின்ன அறை. ஒரு கட்டில், பச்சைத் திரை, மேஜை மேல் பிளாஸ்டிக் இடுப்பெலும்பு. பிசியோவுக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும்.

“சொல்லுங்கக்கா, உங்களுக்கு என்ன வேணும்?”

“ரெண்டு வேணும்மா. என் கிரேன் வேணும். என் வீட்டுக்காரர் வேணும்.”

நான் சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்த்தேன். பிசியோ சிரிக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு அந்த இடுப்பெலும்பைக் கையில் எடுத்து எல்லாவற்றையும் சொன்னார். கதிர்வீச்சு பட்ட இடம் ஆறும்போது பிறப்புறுப்புப் பாதை வறண்டு சுருங்கும். அப்படியே விட்டால் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளவும் கூடும். அப்புறம் டாக்டர் பரிசோதிப்பதும் கஷ்டம், கணவரோடு சேர்வதும் கஷ்டம். அதற்காக ஐந்து வழவழப்பான குழாய்கள் கொடுத்தார். முதலாவது சுண்டுவிரல் பருமன், அடுத்தடுத்தது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிது. டைலேட்டர் என்று பெயர். வாரத்தில் மூன்று நாள், ஜெல் தடவி, பத்து நிமிடம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். கூடவே இடுப்பின் அடியில் உள்ள தசைக்கு ஒரு பயிற்சி: சிறுநீரை அடக்குவது போல இறுக்கி, ஐந்து எண்ணி, விடுவது.

சித்தி குழாய்களை வீட்டு ஸ்பேனர் பெட்டியில் வைத்தார். ஒரு நாள் ஒழுகுகிற டேப்பைச் சரிபார்க்கப் பெட்டியைத் திறந்த சித்தப்பா, அதில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, “இது எந்த டேப்புக்கு?” என்றார்.

“அது எனக்கு. டேப்பை நாளைக்குப் பார்த்துக்கலாம்.”

சித்தப்பா அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, பால்கனிக்குப் போய்விட்டார்.

சித்தி பயிற்சியை வெறியோடு செய்தார். பஸ்ஸில் செய்தார், ஸ்டோரில் செய்தார், என்னோடு பேசிக்கொண்டே செய்தார். ஆறு வாரம் ஆயிற்று. நனைவது குறையவில்லை. இரண்டாவது குழாய் உள்ளே போகவே இல்லை. பிசியோ அவரைப் படுக்க வைத்துப் பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம்.

“இப்ப தளர்த்துங்கக்கா.”

“தளர்த்திட்டேனே.”

“இல்லக்கா, கல்லு மாதிரி இருக்கு. வேலையில சுமை தூக்கும்போது என்ன பண்ணுவீங்க?”

“மூச்சைப் பிடிச்சுக்குவேன். வயிறெல்லாம் இறுகிடும். சுருள் தரையில உட்கார்ற வரைக்கும் விட மாட்டேன்.”

“உட்கார்ந்ததும்?”

“கொக்கி தளரும். அப்பதான்…” சித்தி பாதியில் நிறுத்தினார். அப்புறம் திரை ஆடும்படி சிரித்தார். “புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயமே அதுதாம்மா. சுமையைத் தொங்கவிட்டுட்டு கேபினை விட்டு எழுந்திருக்காதேன்னு. நான் ஆறு வாரமா தொங்கவிட்டுட்டு ஊரெல்லாம் சுத்தியிருக்கேன்!”

“அதேதான் அக்கா. எப்பவும் இறுகியே இருந்தா, அவசரத்துக்கு இறுக்க அதுக்குத் தெம்பு ஏது? அதனாலதான் குழாயும் போக மாட்டேங்குது.”

அன்றிலிருந்து சித்தி இறக்கப் பழகினார். மூச்சை மெதுவாக வெளியே விடுவார், வலது கை லீவரைத் தள்ளுவது போல அங்குலம் அங்குலமாக முன்னால் போகும். சமையலறையில் இதைப் பார்த்த என் அம்மா, “அடுப்பை எங்கடி நகர்த்துறே?” என்று கேட்டார். மூன்றாவது வாரம் இரண்டாவது குழாய் வலியில்லாமல் போனது. உடை நனைவதும் மெல்ல மெல்லக் குறைந்தது.

ஒரு நாள் சித்தப்பாவையும் கூட்டி வரச் சொன்னார் பிசியோ. அவர் வேன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் வெளியே பெஞ்சில். ஆனால் அந்தக் கதவு சரியாக மூடாது.

“அவளுக்கு வலிக்குமேன்னுதான் தள்ளிப் படுத்தேன். வேற ஒண்ணுமில்ல.”

“என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு இல்ல நான் நினைச்சேன், இத்தனை மாசமா!”

“லூசாடி நீ?”

“ஆமா. இப்பதான் லூசாகவே கத்துக்கிட்டு வர்றேன்.”

முதல் முறையாகப் பிசியோ வாய்விட்டுச் சிரித்தது கேட்டது. அவசரமே வேண்டாம், பேசுங்கள், தொட்டுக்கொள்ளுங்கள், ஜெல்லை மறக்காதீர்கள், அக்கா போதும் என்றால் போதும் என்று இரண்டு பேருக்கும் சொல்லி அனுப்பினார்.

அந்த மாதக் கடைசியில் ஹாலில் இருந்த தலையணையைக் காணோம். யாரும் தேடவில்லை.

இதையெல்லாம் எழுதலாமா என்று சித்தியிடம் கேட்டேன். “எழுது. எத்தனை வீட்டுல வாயைத் திறக்காம ஆளுக்கொரு ரூம்ல படுத்திருக்காங்களோ” என்றார்.

ஆறாவது மாதம் அந்த ஷிப்ட் வந்தது. சித்தி ஸ்டோரிலிருந்து எனக்கும் ஒரு ஹெல்மெட் கொடுத்து தரையில் போட்ட மஞ்சள் எல்லைக் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்தார். ஏறிப் போனவர் நாற்பதாவது படியில் நின்றார். மூச்சை வெளியே விட்டுவிட்டு மிச்சத்தையும் ஏறினார்.

“மேலிடம் என்ன சொல்லுது?” சிக்னல்மேன் கத்தினார்.

மேலே ஹாரன் ஒலித்தது.

பன்னிரண்டு டன் சுருள் ஒன்று தரையை விட்டு எழுந்து, எங்கள் தலைக்கு எட்டாத உயரத்தில் போய், மரக்கட்டைகள் மேல் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. “கீழ முட்டை இருந்திருந்தாலும் உடைஞ்சிருக்காது” என்றார் சிக்னல்மேன். அப்படி நான்கு மணி நேரம். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்தே களைத்துப் போனேன்.

சித்தி இறங்கி வந்தபோது மேலாளர் மறுபடி கிரேன் வேலைக்கு அனுப்பும் தாளை நீட்டினார். சித்தி ஒவ்வொரு வரியாகப் படித்தார். பேனா எழுதவில்லை என்று வேறு பேனா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். சிக்னல்மேனிடம், கையை இன்னும் உயர்த்திக் காட்டச் சொல்லி இரண்டு வார்த்தை திட்டினார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதற்குப் பிறகுதான் கழிப்பறைப் பக்கம் போனார். ஓடவில்லை, நடந்தார்.