நிறுவனரின் சோளக்காடும் சிவப்புக் கம்பளமும்

செத்தவரைப் புகழ்வது சுலபமான வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பிளஸ் டூ முடித்த கையோடு, கோவையில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வழிகாட்டி. மில் முதலாளி ஒருவர் தன் தோட்டத்தையே தானம் கொடுத்து ஆரம்பித்த இடம். அந்த வரலாற்றைத் தினமும் ஒப்பிக்கணும். ஒரே பேச்சை ஓயாமல் பேசிச் சம்பளம் வாங்கும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

கண்ணாடிப் பெட்டி

நினைவு அறையில் அவருடைய குடை, செருப்பு எல்லாம் இருக்கிறது. ஆர்.எஸ்.புரத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் உருக்கமாகச் சொன்னேன்: "எல்லாத்தையும் குடுத்துட்டாரு. ஒரே நிபந்தனை, இப்போ அவரு சிலை நிக்குதே, அதுக்கு முன்னாடி இருக்கற காட்டுல எந்நாளும் பயிர் நிக்கணும்." ஒரு பொடியன் கை தூக்கினான். "அக்கா, எல்லாத்தையும் குடுத்தவரு செருப்ப மட்டும் ஏன் வெச்சுக்கிட்டாரு?"

வெள்ளகோவில்காரர்

அந்தக் காட்டில் அப்போது வறட்சி தாங்கும் சோளம் நின்றது. தீவனத்துக்கு விதைக்க அதைத் தேடி வெள்ளகோவிலிலிருந்து பழனிசாமி என்பவர் வந்தார். அவர் பக்கம் மழையே இல்லை. இரண்டு மாட்டை விற்றுவிட்டாராம். அதிகாரியைக் கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை அறுப்பு, வாங்க, கதிர் தர்றோம்" என்றேன். பழக்கதோஷத்தில் வரலாற்றையும் ஆரம்பித்தேன். "கதை நல்லாத்தான் இருக்குதுங் அம்மணி. எம்பட மாடு அதைத் திங்காதுங்களே!"

பந்தல்

நிறுவனர் பிறந்தநாள் விழாவும் அதே வெள்ளிக்கிழமை. போட்டோவில் சிலை விழணுமாம், அதனால் பந்தலைச் சிலைக்கு முன்னால் போடச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமையே சோளத்தை உழுதுபோட டிராக்டர் வந்து நின்றது. நான் மேலாளரிடம் ஓடினேன். "சார், கதிர் இன்னும் முத்தலீங்க. விதைக்கு ஆள் வர்றாருங்க." அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன்ற சோளத்துக்காக அவரு பொறந்தநாளைத் தள்ளிவெக்க முடியுமா கண்ணு?"

கைதட்டல்

மேடையில் வரலாறு வாசிக்கும் வேலை எனக்கு. "எந்நாளும் பயிர் நிக்கணும்" என்று வாசித்ததும் கைதட்டல் அள்ளியது. எதிரே, விருந்தாளிகளுக்கு விரித்த சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில், காலிச் சாக்கோடு பழனிசாமி. எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பயிரை உழுதுதான் இந்தப் பந்தல் போட்டிருக்குதுங்க" என்று மைக்கிலேயே சொல்லிப்போட்டேன். அதற்கும் கைதட்டினார்கள்!

கீழே இறங்கி அவரிடம் போனேன். அவர் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார். "நீங்க உள்ளதச் சொல்லிப்போட்டீங்க அம்மணி. ஊட்டுக்குப் போயி மாட்டுக்கு நான் என்னத்தச் சொல்லட்டுங்?"

இன்றும் அதே வேலை, அதே வரலாறுதான். நிபந்தனை வரியை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள்.