அப்பா வகுப்புக்கு வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியிலிருந்து வீட்டாரைக் கூப்பிட்டு அனுப்பினால், பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டது என்றுதான் பொருள். நான் எட்டாம் வகுப்புக்கு வந்த வருஷம், எண்பதுகளின் தொடக்கம் அது, திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ் டீச்சர் அந்த வழக்கத்தை மாற்ற நினைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் கடைசி வகுப்புக்கு ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ வர வேண்டும். தங்கள் பிள்ளையிடம் இருக்கும் ஒரு நல்ல குணத்தை எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. இந்த வயதில் பிள்ளைகள் தங்களைப் பற்றி மட்டமாகவே நினைத்துக்கொள்கிறார்கள், வீட்டு ஆள் வாயால் நல்லதாக ஒன்று கேட்டால் கொஞ்சம் நிமிர்வார்கள் என்றார் டீச்சர். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே சரி என்றாராம்.

முதல் வாரம் வந்த அம்மா உள்ளே நுழைந்ததும் மகனின் காதைப் பிடித்துக்கொண்டு, "என்ன டீச்சர் பண்ணுனான்?" என்று கேட்டார். விஷயத்தை அவருக்குப் புரியவைக்கவே பாதி நேரம் போயிற்று. அடுத்த வாரம் வந்த பெட்டிக்கடைக்காரர், தன் மகன் கடையில் ஒரு மிட்டாயைக்கூடக் கேட்காமல் தொடமாட்டான் என்றார். அந்த மிட்டாய்களை அவனோடு பங்கு போட்டுத் தின்றிருந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை. மறுநாளிலிருந்து அவன் உண்மையாகவே மிட்டாய் எடுப்பதை நிறுத்திவிட்டான். நஷ்டம் எங்களுக்குத்தான்.

வீட்டாரை வரச் சொல்லி டீச்சர் கொடுக்கும் சீட்டு என் முறைக்கு வந்தபோது அதை அறிவியல் புத்தகத்தின் அட்டைக்குள் செருகிவிட்டேன். சொல்லும்படி என்னிடம் ஒன்றுமில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கணக்கு வராது. பையன்களையும் சேர்த்து வகுப்பிலேயே நான்தான் உயரமான பெண். அதை மறைக்கக் குனிந்தே நடந்து, ஒட்டகம் என்று பேர் வாங்கியிருந்தேன். அப்பாவோ கிணறு வெட்டுகிறவர். பாறையில் வெடி வைத்து, உடைந்த கல்லை அள்ளி மேலே அனுப்பும் வேலை. வீட்டிலேயே நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். கல்தூசி படிந்த தலையோடு அவர் வகுப்பில் வந்து நின்று விழிப்பதை நினைத்ததும் அந்தப் புத்தகத்தைப் பையின் அடியில் தள்ளினேன்.

"அப்பா அரியலூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருக்காரு டீச்சர். வர ஒரு மாசம் ஆகும்" என்றேன்.

"அம்மா வரலாமே?"

"அம்மாவும் கூடப் போயிருக்கு டீச்சர்."

அப்படியானால் நீ யார் கூட இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

அரியலூரில் இருந்ததாக நான் சொன்ன அம்மா அப்போது ஊர் எல்லையில் ஒரு வெங்காயக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாத்தியில் என் வகுப்புத் தோழியின் அம்மா. சீட்டு விஷயம் அங்கே வெளிவந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயில் கூட்டம் பஸ்ஸை அடைத்துக்கொண்டிருந்ததால், ஊருக்குத் தள்ளி இருந்த எங்கள் வீட்டிலிருந்து அப்பா சைக்கிளில் வந்து சேர்ந்தார். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் போடும் வெள்ளைச் சட்டை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வகுப்பு வாசலில் நின்றார். நான் முன்னால் இருந்தவளின் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"நீங்க அரியலூர் போயிருக்கறதா உங்க பொண்ணு சொல்லுச்சே" என்றார் டீச்சர்.

அப்பா என்னை ஒரு நொடி பார்த்தார். "ஆமாங்க டீச்சர். வேல சீக்கிரமா முடிஞ்சிருச்சு. நேத்துத்தான் வந்தேன்" என்றார்.

டீச்சர் நாற்காலியைக் காட்டினார். அப்பா உட்காரவில்லை. மேசையின் ஓரத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டே நின்றார். நாங்கள் நாற்பது பேரும் காத்திருந்தோம். பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"எனக்குப் படிப்பு சங்கதி தெரியாதுங்க" என்று ஆரம்பித்தார். "நான் கெணத்துக்குள்ள எறங்கி வேல செய்யுறவன். லீவு நாள்ல பாப்பாதான் சோறு கொண்டாரும். மத்த புள்ளைங்கன்னா ஓடியாந்து எட்டிப் பாக்கும். மேலேருந்து ஒரு சின்னக் கல்லு உருண்டாப் போதும், கீழ இருக்கறவன் மண்ட போயிரும். இது தூரத்துலயே நின்னு, அப்பா நான் வந்துட்டேன்னு ஒரு கொரல் குடுக்கும். வழியில கெடக்கற கல்லெல்லாம் பொறுக்கிப் பின்னால போட்டுட்டுத்தான் கிட்ட வரும். நான் சொல்லிக் குடுக்கலங்க. அதுவாத்தான் செய்யுது." மேசையிலிருந்து விரலை எடுத்தார். "மேல இது நிக்குதுன்னா நாங்க நாலு பேரும் பயமில்லாம வேல செய்வோம்."

பின் பெஞ்சுச் சிரிப்பு நின்றிருந்தது.

"இத அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"இதெல்லாம் எப்புடிங்க சொல்றது" என்றார் அப்பா.

எனக்கோ ஏமாற்றத்தில் அழுகை வந்தது. கல்லைப் பொறுக்கிப் போடுவதெல்லாம் ஒரு குணமா? பெட்டிக்கடைக்காரரைப் போல என்னை உயர்த்தி ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். எனக்காக ஒரு பொய்யை அவர் வாசலிலேயே சொல்லி முடித்திருந்தது அப்போது உறைக்கவில்லை. மறுவாரம் பையன்கள் ஒவ்வொருவராக வந்து, கிணறு எத்தனை ஆழம், வெடிக்கும்போது எங்கே நிற்பாய் என்று கேட்டார்கள். நான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னேன். அதெல்லாம் பிறகு.

அன்று பள்ளி விட்டதும் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போனேன். அரியலூரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டிருந்தவர், பருத்திக் காடுகளைத் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே, "பாப்பா, நான் பேசுனது சரியா இருந்துச்சா?" என்றார்.

"ம்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின், "பள்ளிக்கூடத்துக்குள்ள நின்னு பேசுறது எனக்கு இதான் மொத தடவ" என்றார்.

வெள்ளைச் சட்டையின் முதுகு வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. வெயிலில் மிதிப்பதால் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கடைசி வகுப்பு பிள்ளைகளுக்கானது மட்டும்தான் என்று டீச்சரைப் போல நானும் நம்பியிருந்தேன். அப்பாவும் என் வாயால் நல்லதாக இன்னும் ஒரு வார்த்தை கேட்கக் காத்திருந்தார் என்பது தெரியாமல், வீடு வரும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டே போனேன்.