ஒரு வீட்டில் இரண்டு பானை

கண்ணாடிக் கடையில் அவருக்கு ‘ஒற்றைக்கோடு’ என்று பெயர். வெட்டுக்கோலின் முனையை மண்ணெண்ணெயில் தோய்ப்பார், அளவுகோலை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பார். பட்டுத்துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்கும். பிறகு மேசை விளிம்பில் வைத்து லேசாக அழுத்தினால் போதும், கண்ணாடி கோடு போட்ட இடத்தில் இரண்டாகும். ஒருமுறை போட்ட கோட்டின்மேல் மறுபடி கோலை ஓட்டக் கூடாது. ஓட்டினால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். மீசை முளைத்த நாளிலிருந்து அது நரைத்த நாள்வரை அவர் எந்தக் கோட்டையும் இரண்டாம் முறை தொட்டதில்லை.

அந்தக் கைதான் நடுங்க ஆரம்பித்தது.

முதலில் டீ கிளாஸ் தட்டின்மேல் கிடுகிடுத்தது. பிறகு கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டும் உடம்பு கரைந்துகொண்டே போனது. “சாப்பிடுறதையெல்லாம் யாருக்கு மாஸ்டர் பார்சல் அனுப்புறீங்க?” என்று முதலாளி கேட்டபோது கடையே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மாடிப்படி ஏறியவர் போல நெஞ்சு அடித்தது. மற்றவர்கள் ஸ்வெட்டர் போட்டிருந்த காலையில் அவர் வேர்த்து நின்றார்.

கோபமும் கூடியது. வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. புதிதாக ஒன்று வெட்டிப் போடலாம் என்று கடையிலிருந்து கொண்டுவந்தார். கோடு மண்புழு போல நெளிந்தது. பொறுக்க முடியாமல் அதன்மேலேயே இன்னொரு கோடு போட்டார். கண்ணாடி மூன்று துண்டாகப் போனது. அளவுகோலைச் சுவரில் எறிந்தார். அக்கா துடைப்பத்தை எடுத்து வந்தாள். அன்றிலிருந்து அந்தக் கதவு வெறும் சட்டமாகவே நின்றது.

வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கணவனை இழந்து, ஒரு பெட்டியோடு தம்பி வீட்டுக்கு வந்தவள். வந்த அன்றே அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “ஒரு வீட்டுக்கு ஒரு பானைதான். உனக்குத் தனியா, எனக்குத் தனியான்னு பொங்க ஆரம்பிச்சா அது வீடு இல்ல, சத்திரம்” என்பாள்.

ரத்தப் பரிசோதனை முடிந்தது. கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று டாக்டரம்மா சொல்லி மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒரே வார்த்தை: “தைராய்டாம்.”

அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. “இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு வர்ற? எனக்கு இருக்கிறதுதானேடா உனக்கும்! ஒரே வயித்துல பொறந்தோம், வேற எப்படி வரும்? நான் பாத்துக்கிறேன், விடு.”

அவள் பார்த்துக்கொண்டாள். தன் உடம்புக்கு அவள் சேர்த்துக்கொண்டதெல்லாம் அவர் தட்டிலும் விழுந்தது. தினமும் கடல்மீன். அயோடின் கலந்த உப்பில் தாராளமான கை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்துக்கடையில் டப்பாவில் விற்கும் கடற்பாசிப் பொடி. காலைக் கஞ்சியில் ஒரு கரண்டி. முட்டைக்கோஸ் அந்த வீட்டு வாசலை மிதித்துப் பல காலமாகிறது, சுரப்பிக்கு ஆகாது என்று. அவருக்கு முட்டைக்கோஸ் என்றால் உயிர். வெளியில் சாப்பிட்டுவந்த அதையும் இப்போது விட்டுக்கொடுத்தார்.

மாத்திரையை வேளை தவறாமல் போட்டார். இருந்தும் கை நிற்கவில்லை. முதலாளி அவரைக் கல்லாவுக்கு மாற்றினார். “கொஞ்ச நாள் பில்லு போடுங்க மாஸ்டர். மழைக்காலத்துக்குள்ள கை நின்னா மேசைக்கு வாங்க. நிக்கலன்னா நான் வேற ஆளு பாத்துத்தான் ஆகணும். தப்பா நினைக்காதீங்க” என்றார். மேசையில் இப்போது முதலாளியே வெட்டினார். அந்தச் சத்தத்தில் பிசிறு இருந்தது. கல்லாவில் உட்கார்ந்து அதைக் கேட்பது பல்வலி மாதிரி இருந்தது.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா பரிசோதனைத் தாளை நெடுநேரம் பார்த்தார். “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?”

“ஒரு வேளைகூட விடலைங்க.”

“சாப்பாடு?”

அவர் பெருமையாகவே சொன்னார். முட்டைக்கோஸை விட்டது, மீன், உப்பு, பொடி. பொடி என்றதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“யார் குடுத்தது இதை?”

“அக்காங்க. அவங்களுக்கும் தைராய்டுதான்.”

“அவங்க இளைச்சிருக்காங்களா, பருத்திருக்காங்களா?”

“பருத்த உடம்புங்க. எந்நேரமும் குளுருது, அசதியா இருக்குதும்பாங்க.”

“அவங்க அடுப்பு பத்தாத அடுப்பு. உங்களுது அணையாத அடுப்பு. சுரப்பி ஒண்ணுதான், நோய் நேரெதிர். அயோடின் உங்க அடுப்புக்கு விறகு, கடற்பாசி முழுக்க அதுதான். அந்தப் பொடியை இன்னையோட நிறுத்துங்க. மீனையும் உப்பையும் குறைங்க. டீயையும் குறைங்க, அது நடுக்கத்தைக் கூட்டும். இளைச்ச உடம்பு தேற வயிறாரச் சாப்பிடுங்க. எலும்புக்குப் பாலு நல்லது. முட்டைக்கோஸை எதுக்கு விட்டீங்க? தாராளமா சாப்பிடலாம். ஆனா ஒண்ணு, சாப்பாடு இந்த நோயைத் தீர்க்காது. தீர்க்கிறது மாத்திரை. அதுக்குக் குறுக்கே நிக்காம இருந்தா அதுவே சாப்பாடு செய்யுற பெரிய உதவி.”

வீடு வரும்வரை அவர் வேறொன்றையும் யோசிக்கவில்லை. நீ ஆசையாகப் போட்டதுதான் என்னைக் கெடுத்தது என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது? அவளுக்கு அந்த அடுப்பை விட்டால் வேறென்ன இருக்கிறது?

சொல்லவில்லை. அவள் பக்கத்து அறைக்குப் போகும் சமயம் பார்த்துக் கஞ்சியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கடைக்குப் போகும் வழியில் ரொட்டியும் பாலும் சாப்பிட்டார். மீன் துண்டு ஜன்னல் வழியாகச் சந்துப் பூனைக்குப் போனது. நாளாக ஆக கை அடங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பூனைக்கு அவரைவிட அதிகம் பிடித்தது.

அக்கா பூரித்துப் போனாள். “பாத்தியா? பொடி வேலை செய்யுது!” என்று கரண்டியை இன்னும் குவித்துப் போட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு போயிருந்தால் அவர் கடைசிவரை வாய் திறந்திருக்க மாட்டார். ஒருநாள் கடையிலிருந்து திரும்பியபோது வீடு சாத்தியிருந்தது. மாடியில் அக்காவின் குரல் கேட்டது. மாடிவீட்டில் துணி தைக்கும் பெண்ணுக்குக் கொஞ்ச நாளாக இவரைப் போலவே தைராய்டு, மாத்திரை சாப்பிடுகிறாள், ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று அவருக்குத் தெரியும். படியேறினார். தையல் இயந்திரத்தின் மேல் புதிய பொடி டப்பா இருந்தது.

“என் தம்பிக்குக் கை எப்படி ஆடுச்சு தெரியுமா உனக்கு? இதுதான் நிறுத்துச்சு. உனக்கும் அதே மாதிரி ஆடுதில்ல, வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு. மாத்திரையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

அந்தப் பெண் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் விரல்கள் ஆடுவதை அவர் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த ஆட்டம்.

“அதைத் தொடாதம்மா. அது என் கையை நிறுத்தலை. அதுதான் நிக்கவிடாம ஆட வெச்சுது. நான் அதை விட்டு ரொம்ப நாளாச்சு. டாக்டர் குடுத்த மாத்திரையை மட்டும் விட்டுடாத” என்றார்.

தையல்காரப் பெண் டப்பாவை மெல்லக் கீழே வைத்தாள். அக்கா அவரைப் பார்க்கவில்லை. டப்பாவை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி படி இறங்கினாள்.

அன்று அடுப்பு எரியவில்லை. அவள் சமையலறை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வாசற்படியிலேயே நின்றார்.

“எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?”

“கல்லாவுல உக்காந்தப்புறம், டாக்டர்கிட்ட போனேன்ல, அன்னைலேர்ந்து.”

“அந்தப் பூனை குண்டானப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.” குரலில் சிரிப்பு இல்லை. “தப்பா போட்டுட்டக்கான்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். மறுநாள் மாத்திப் பொங்கியிருப்பேன். இப்போ என்ன ஆச்சு பாரு. ஊரான் வீட்டுப் பொண்ணுக்கு நஞ்சைக் குடுத்துட்டு வர இருந்தேன். நீ என்னை நல்லவளாவே வெச்சிருந்த. அது எனக்கு எதுக்குடா?”

போட்ட கோட்டின்மேல் திரும்பக் கோடு போட முடியாது என்பது அவருக்குத் தெரியும். “பசிக்குதுக்கா” என்றார். அது பொய் இல்லை. அந்த நோயில் பசி எப்போதும் பொய் சொன்னதில்லை. அவள் எழுந்து பாலைச் சுடவைத்தாள். சர்க்கரை போட்டாயா என்றுகூடக் கேட்கப் பயந்து, அவர் குடித்து முடித்தார்.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் அக்காவும் வந்தாள். கேட்க வேண்டியதையெல்லாம் அவளே கேட்டாள். “உங்களுக்கும் அந்தப் பொடி தேவையில்லைம்மா, காலையில வெறும் வயித்துல போடுற மாத்திரை போதும்” என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் முகம் சுருங்கியது. திரும்பும் வழியில் காய்கறிக் கடையில் நின்று, ஒரு முட்டைக்கோஸைக் கையில் எடுத்து, அறிமுகமில்லாத குழந்தையைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மழை வருவதற்கு முன்பே அவர் மேசைக்குத் திரும்பினார். நடுக்கம் முழுதும் போய்விடவில்லை. சோர்ந்த நாளில் விரல் நுனியில் வந்து எட்டிப் பார்க்கும். அன்று பெரிய கண்ணாடியைத் தொடமாட்டார்.

ஒரு விடுமுறை நாளில் அலமாரிக் கதவுக்குக் கண்ணாடி வெட்டினார். கோலை எண்ணெயில் தோய்த்துவிட்டுச் சற்று நின்றார். அக்கா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தம் ஒரே சீராக வந்தது. அழுத்தினார், உடைந்தது. ஒரு ஓரத்தில் மட்டும் நூலிழை அளவுக்கு விலகல். அதை அவரைத் தவிர யாரும் கண்டுபிடிக்க முடியாது.

“மாட்டிட்டியா? சரி, கையைக் கழுவிட்டு வா” என்றாள் அக்கா. அடுப்பில் இரண்டு பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவர் தவறுதலாகப் பெரியதன் மூடியைத் தூக்கினார். கரண்டியின் காம்பு அவர் புறங்கையில் பட்டென்று விழுந்தது.

“அது என்னுது.”