ஆடாமலே ஃபைனலுக்கு வந்த டீம்

சடுகுடுப் போட்டி நடத்துவதும் கல்யாணம் நடத்துவதும் ஒன்றுதான்; ஒரே வித்தியாசம், இங்கே வந்தவர்களில் பாதிப் பேரைப் பந்திக்கு முந்தியே அனுப்பிவிட வேண்டும். "செக்ரெட்டரி சார்" என்று யாரோ கூப்பிட்டதில் மயங்கி இந்தப் பொறுப்பைத் தலையில் போட்டுக்கொண்ட புண்ணியவான்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். எழுபதுகளின் ஆரம்பத்தில் கவரைப்பேட்டையில் எங்கள் வாலிபர் சங்கம் நாக்-அவுட் போட்டி வைத்தது. தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சேர்ந்தது ஏழு டீம். ஏழை ஜோடி ஜோடியாகப் பிரித்துப் பாருங்கள், என் தலைவலி புரியும்.

பை

சீட்டுக் குலுக்கினோம். மூன்று ஜோடி போக மிஞ்சியது பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்து மீனவர் டீம். விடிவதற்குள் படகேறி, பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் வந்தவர்கள். கேப்டன் ஏழுமலை. கூடவே அவர் மனைவி செல்லம்மா, ஏழு மாத வயிற்றோடு. கல்யாணமான நாளிலிருந்து "நான் பாடிக்கினு போனா எதுர்ல ஒருத்தன் நிக்கமாட்டான்" என்று மனுஷன் அளந்ததைக் கேட்டுக் கேட்டு, பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்குள் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

நான் மைக்கில், "ஏழுமலை டீமுக்கு பை!" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவதற்கு எங்கள் பாஷையில் அப்படிப் பெயர். திரும்பி வந்தால் ஏழு பேரும் என் மேஜையைச் சுற்றிப் பொறுமையாக நிற்கிறார்கள். "என்னப்பா?" என்றேன். "பை குடுக்கறேன்னீங்களே சார்." விளக்கிச் சொன்னேன். ஏழுமலை மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பையும் வாணாம் ஒண்ணும் வாணாம் சார். ஒரு ஆட்டம் குடுங்க."

கை காட்டிப் போனவர்கள்

அடுத்த ஞாயிறு அரையிறுதி. எதிரணி கும்மிடிப்பூண்டி, ஒரே ஸ்டேஷன் தள்ளி. எங்கள் மைதானம் தண்டவாளத்தை ஒட்டி. வண்டி வருகிறது, ஜன்னலில் ஆட்கள் தெரிகிறார்கள், கையை ஆட்டுகிறார்கள், நாங்களும் ஆட்டுகிறோம். அடக் கடவுளே, வண்டி நிற்கவில்லை! அவசரத்தில் மெட்ராஸ் எக்ஸ்பிரஸில் ஏறித் தொலைத்திருக்கிறார்கள்.

நடுவர் டிரில் மாஸ்டர். ரூல் என்றால் ரூல்தான். கொஞ்ச நேரம் பார்த்தார், விசிலை ஊதி, வராதவர்கள் தோற்றதாக வாக்ஓவர் கொடுத்துவிட்டார். "அவுங்க வரட்டும் சார், நாங்க காத்துக்கினு கீறோம்" என்று ஏழுமலை கெஞ்சினார். ஜெயித்த டீம் அழாத குறையாக நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே மனசு கேட்கவில்லை. செல்லம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "இன்னா சார் இது, எங்கூட்டுக்காரரு ஆடவே இல்ல, ஆனா ஜெயிச்சிக்கினே கீறாரு!"

முதலாளி வரட்டும்

அதற்கடுத்த ஞாயிறு ஃபைனல். எதிரே எங்கள் பக்கத்து ஆரணி. சேற்றில் நடவு நட்டே கால் உரமேறிய விவசாயப் பிள்ளைகள். சாயங்காலம் செல்லம்மாவைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போக, ஆந்திர எல்லையிலிருந்து அவள் அப்பாவும் வந்துவிட்டார். ராகு காலத்துக்கு முந்தின வண்டியைப் பிடித்தாக வேண்டுமாம். "நைனா, ஒரே ஒரு ஆட்டம், பாத்துட்டு வந்துர்றேன் நைனா" என்று அவள் கெஞ்சுகிறாள்.

கப்பு கொடுத்த அரிசி மில் முதலாளியோ வந்தபாடில்லை. அவர் வராமல் தொடங்கினால் அடுத்த வருஷம் சங்கமே இருக்காது என்று பொருளாளர் குறுக்கே நிற்கிறார். கடிகாரத்தைப் பார்த்தேன். செல்லம்மாவைப் பார்த்தேன். போகிறது போ என்று, முதலாளிக்குப் போட்டிருந்த நாற்காலியில் அவளை உட்காரவைத்து, "ஊதுங்க சார்" என்றேன். எல்லாம் முடிந்து சோடா பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி காரை விட்டு இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்னப்பா, டாஸ் போட்டுடலாமா?"

ஏழு பேருக்கு அடியில்

விசில் ஊதியதும் ஏழுமலை பாடிக்கொண்டு போனார். பொய் சொல்லக் கூடாது, முதல் தடவை ஒருத்தனைத் தட்டிவிட்டு அழகாகத் திரும்பினார். செல்லம்மா துள்ளி எழுந்துவிட்டாள். "உக்காரும்மா, உக்காரும்மா!" என்று மைதானமே கத்தியது. அடுத்த தடவை போனவர்மேல் ஆரணி டீம் மொத்தமும் விழுந்தது. அப்புறம் எழுந்திருக்கவே விடவில்லை. படுதோல்வி.

உடம்பெல்லாம் மண்ணோடு, தலை கவிழ்ந்து வந்து அவள் எதிரில் நின்றார். வண்டி நேரமாகிறது என்று அப்பா அவசரப்படுத்துகிறார். அத்தனை ஜனத்துக்கு முன்னால், கொஞ்சமும் வெட்கப்படாமல், முந்தானையால் அவர் முதுகு மண்ணைத் தட்டிவிட்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் என்ன? "இன்னாயா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு கீற? அன்னிக்கெல்லாம் ஜெயிச்ச, ஒண்ணுமே பாக்கல. இன்னிக்குத் தோத்த, கண்ணு நெறயப் பாத்துட்டேன்யா."

கப்பு வாங்கித் தர வேறொரு முதலாளியைத் தேடி அடுத்த வருஷம் நான் நாயாய் அலைந்ததைத் தவிர, அந்தப் போட்டியால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.